ஏழாம் நம்பர் மலையில் பிறக்காமல் போன புல்

அந்த மனிதரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய சப்பாத்துக் காலின் அடிப்பாகத்தைத்தான் பார்த்தேன். ஏழாம் நம்பர் மலையில், நனைந்த காட்டுப் புல்லுக்குள், கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். ஆள் வழுக்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து ஓடினேன். கிட்டப் போனதும், படுத்தபடியே கையை மட்டும் பின்னால் நீட்டி, "குடையைப் பிடியும்" என்றார்.

பிடித்தேன். என் முதுகு நனைந்தது. அவர் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரே ஒரு புல்லைக் கால் மணி நேரம் பார்த்தார்.

"என்னங்க ஐயா, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

"தொலைக்கேல்லை. நாக்கைப் பாக்கிறன்."

நான் என் வாயை மூடிக்கொண்டேன். பிறகுதான் விளக்கினார். புல்லின் இலையும் தண்டைச் சுற்றியிருக்கும் உறையும் சேருமிடத்தில் மெல்லிய தோல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் நாக்கு. ஒரு இனத்துக்கு நீளம், இன்னொன்றுக்குக் கட்டை. "நாக்கைப் பாத்தால் ஆளைச் சொல்லலாம்" என்றார். எங்கள் தோட்டத்தில் மனிதர்களையும் அப்படித்தான் சொன்னோம் என்பதால் எனக்கு உடனே விளங்கியது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர், "உங்கள் தோட்டத்தில் தேயிலையைத் தவிர வேறொன்றும் முளைக்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். முளைத்தது ஐயா, புல் முளைத்தது. அதனால் ஒரு மாடு ஊரைவிட்டுப் போகப் பார்த்தது. என் மானம் போகப் பார்த்தது என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிடுங்கியவர்களே நட்டார்கள்

அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி இரண்டு மைல் ஏறினால் எங்கள் தோட்டம். நான் அங்கே சின்ன கிளாக்கர். வயது இருபத்து நான்கு. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இதை நானே சொல்வதால் பொய் என்று ஆகிவிடாது.

தோட்டத்தில் தேயிலை நிற்கும் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் மலை என்றுதான் பெயர். ஏழாம் நம்பர் மலையில் வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்துத் தேயிலை கிழடு தட்டிப் போயிருந்தது. அதை வேரோடு பிடுங்கிவிட்டு, இரண்டு வருடம் புல் நட்டு மண்ணுக்கு ஓய்வு கொடுத்து, பிறகு புதுக் கன்று வைப்பது என்று மேலிடத்தில் முடிவாயிற்று. புல்லின் வேர் மண்ணைப் பிடித்துவைக்கும். அவ்வப்போது வெட்டி அங்கேயே பரப்பினால் மக்கி உரமாகும்.

இந்தச் செய்தி காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அறிவிக்கப்பட்டபோது பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வெடித்தது.

"எங்க ஆத்தா காலத்துலேர்ந்து புல்லப் புடுங்கு புல்லப் புடுங்குன்னு உசிர வாங்குனாங்க. இப்ப நடச் சொல்றாங்கடி!" என்றாள் ராக்கம்மா. கொழுந்து எடுப்பதிலும் வாய் கொடுப்பதிலும் அவளை மிஞ்ச ஆளில்லை. நாற்பது வயது இருக்கும். தனி ஆள். லயம் என்ற வரிசை வீட்டின் கடைசிக் காம்பராவில் அவளும், அதற்குப் பின்னாலிருந்த கொட்டிலில் பவுனு என்ற மாடும் குடியிருந்தார்கள்.

தோணியும் தாடியும்

புல்லுக்குள் படுத்திருந்தவர் சிவக்கொழுந்து ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கத்தில் புல் ஆராய்கிறவர். தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து என்ற பெயரோடு வந்தவர் தேயிலையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தோட்டத்து ஜனங்கள் அவருக்குப் 'புல்லையா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மலை முழுவதும் மானாப் புல் நட்டால் போதும் என்றுதான் தோட்டத்தை நிர்வகித்த துரை நினைத்தார். புல்லையா விடவில்லை. ஓர் ஓரத்தில் மூன்று பாத்தி ஒதுக்கித் தரச் சொன்னார். முதல் பாத்தியில் மானா. இரண்டாவதில் எண்ணெய் வடிக்கிற பெங்கிரி. மூன்றாவதில் எலுமிச்சைப் புல். மூன்றும் ஒரே பேரினம். எது மண்ணை நன்றாகப் பிடிக்கிறது, எப்போது பூக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம்.

அந்தப் பேரினத்தின் பெயர் சிம்போபோகன். கிரேக்க மொழியில் தோணியும் தாடியும் சேர்ந்த பெயர் என்றார் ஐயா. பூங்கொத்தை மூடியிருக்கும் சின்ன மடல் தோணி போல் இருக்குமாம். உள்ளேயிருந்து நீளும் மயிர்கள் தாடியாம். அதற்கு முன்னால் இவற்றையெல்லாம் வேறொரு பேரினத்தில் சேர்த்து, ஆம்பிளைத் தாடி என்று அர்த்தம் வரும் பெயரில் அழைத்தார்களாம். பிறகு யாரோ ஒருவர் பிரித்துத் தோணியில் ஏற்றிவிட்டார். படித்தவர்கள் கூடி உட்கார்ந்து புல்லுக்குத் தாடி பார்த்திருக்கிறார்கள் என்பதை நம்ப எனக்குச் சில நாட்கள் பிடித்தன.

பூக்கள் இரண்டிரண்டாக இருக்கும். ஒன்று காம்பில்லாமல் தண்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். மற்றது காம்பில் நிற்கும். உட்கார்ந்திருப்பதுதான் விதை தரும், நிற்பது சும்மா துணைக்கு. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையும் மச்சானும் மாதிரி என்று நான் சொன்னதும், ஐயா அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"மானாவும் பெங்கிரியும் கிட்டத்தட்ட ஒட்டிப் பிறந்த சகோதரங்கள். சில பேர் ரெண்டும் ஒண்டுதான் எண்டும் சொல்லுவினம். எலுமிச்சைப் புல்லோ லேசிலை பூக்காது. அப்ப பாத்தி மாறினால் கதை கந்தல். விளங்குதோ? பேர்ப்பலகை மெத்த முக்கியம்."

மூன்று பலகையிலும் பெயர் எழுதும் பொறுப்பு, அந்த முத்து முத்தான கையெழுத்தின் காரணமாக, என் தலையில் விழுந்தது. நடும் நாளில் மேற்பார்வையும் நான்தான்.

கங்காணியின் நியாயம்

நடும் நாளில் நல்ல மழை. மூன்று இனத்துக்கும் தனித்தனியாகக் கட்டுக் கட்டாக நாற்று வந்து இறங்கியது. நான் கருவிக் கொட்டகைக்குள் ஒதுங்கினேன்.

ஏன் ஒதுங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு வலப்பனையில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். அவளுக்கு முதல் கடிதம் எழுத வேண்டும். 'அன்புள்ள' என்று எழுதினேன். அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று இரண்டு மணி நேரம் யோசித்தேன். அந்தக் கடிதம் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. 'அன்புள்ள'வுக்குப் பிறகு மழையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தால், மூன்று பாத்தியும் நட்டு முடிந்திருந்தது. நடுகையை நடத்திய சின்னமுத்துக் கங்காணி பெருமையாக நின்றார்.

"எந்தக் கட்டு எந்தப் பாத்தியில கங்காணி?"

"அதெல்லாம் சண்ட சச்சரவு இல்லாம முடிச்சிட்டேனுங்க. மானாக் கட்டு லேசு. எலுமிச்சக் கட்டு தண்ணி குடிச்சுக் கல்லாட்டம் கெடந்துச்சு. ஒரு கேங்குக்கு லேசு, ஒரு கேங்குக்கு பாரம்னா நாளைக்கு என் தலைய உருட்டுவாங்கல்ல? அதான் எல்லாக் கட்டையும் அவுத்துக் கலந்து ஆளுக்குச் சமமாப் பிரிச்சுக் குடுத்துட்டேன்."

எங்கள் தோட்டத்தில் எதைச் சுமந்தாலும் அப்படித்தான். உரமூட்டை, கன்றுக்கூடை, கவ்வாத்தில் வெட்டிய மிலாறுக் குச்சி, எதுவானாலும் பாரம் எல்லாத் தலைக்கும் சமமாக விழ வேண்டும். அதில் பிசகினால் கங்காணிக்குச் சோறு இறங்காது. அவருடைய நியாயத்தில் ஒரு குறையும் இல்லை. மூன்று புல்லையும் ஒன்றாகக் குழப்பிவிட்டார் என்பதைத் தவிர.

பிடுங்கி மறுபடி நட இன்னொரு நாள் வேண்டும். இன்னொரு நாள் கேட்டால் வெளிவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஏன் என்பார். 'அன்புள்ள' என்று தொடங்கும் காகிதத்தை எடுத்துக் காட்ட முடியுமா? மூன்று பலகையையும் மூன்று பாத்தியின் தலைமாட்டில் அடித்து நட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இளம் புல் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது?

மூக்குப்பொடி

இலையைக் கசக்கி முகர்ந்தால் குழந்தைகூடச் சொல்லியிருக்கும். எலுமிச்சைப் புல் மணம் வேறு, பெங்கிரி மணம் வேறு, மானாவுக்கு மணம் குறைவு. ஆனால் என் நல்ல காலம், ஐயாவுக்கு மூக்குப்பொடிப் பழக்கம். எங்கள் மலைக் குளிரில் சளித் தடிமனும் சேர்ந்துகொண்டதால், அவர் மூக்கு கண்ணாடியைத் தாங்குவதற்கு மட்டுமே பயன்பட்டது. அதற்கு அவர் ஒரு கொள்கையும் வைத்திருந்தார்.

"மணம் சாட்சியில்லை, தம்பி. இண்டைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். பூதான் சாட்சி."

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தார். குப்புறப் படுத்தார். நாக்கு அளந்தார். அடித்தூரில் காய்ந்த உறை வெளிப்பக்கம் சுருண்டு உட்புறம் சிவந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் குழம்பியது. ஒவ்வொரு தடவையும் நான் குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன்.

ஒரு வருடம் கழிந்து புல் பூத்தது. அந்தத் தடவை ஐயா இரண்டாம் பாத்தியிலிருந்து எழுந்தபோது பூதக்கண்ணாடியைப் புல்லிலேயே விட்டுவிட்டார்.

"தம்பி, இது பெங்கிரி இல்லை."

செத்தேன் என்று நினைத்தேன்.

"மானா மாதிரித்தான் கிடக்கு. ஆனால் மானாவாயும் இருக்க ஏலாது. ஏனெண்டால் மானா முதலாம் பாத்தியிலையெல்லோ நிக்குது! அப்ப இது என்ன? இது ஒருத்தரும் இன்னும் பேர் வைக்காத ஒண்டு!"

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷம் புல்லோட சீவிக்கிறன். ஆரோ வைச்ச பேரையெல்லாம் பாடமாக்கினன். நான் ஒரு பேர் வைக்கேல்லை. இப்ப வைக்கப்போறன். ஒரு வருஷமாய் மழையிலை குடை பிடிச்சு இந்தப் பாத்தியைப் பாத்தது நீர். உம்முடைய பேரைத்தான் வைப்பன். சிம்போபோகன் பொன்னுசாமியீ."

பொன்னுசாமி நான்தான். உலகத்துப் புத்தகங்களில் எல்லாம் என் பெயரில் ஒரு புல். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தையும் பயத்தையும் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை.

பவுனு உள்ளே போனாள்

அந்த வாரமே, ஒரு பட்டப்பகலில், எல்லாரும் சோற்றுக்குப் போன நேரத்தில், ராக்கம்மாவின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பாத்திகளுக்குள் புகுந்தது. காவல்காரர் வந்து பார்த்தபோது மாடு ஆடி அசைந்து வெளியே வந்துகொண்டிருந்தது. மூன்று பாத்தியிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூர்கள் மொட்டையாகக் கிடந்தன. பக்கத்துத் தூர்கள் அப்படியே நின்றன.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் வாசலில் விசாரணை. துரை வெள்ளைக்காரர். தோட்டத்திலேயே கற்றுக்கொண்ட தமிழில் தீர்ப்புச் சொன்னார்.

"மாடு புல் சாப்பிட்டாச்சி. மாடு தோட்டம் வேணாம். சனிக்கிழமை வெளியே."

ராக்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தொரைங்களே, மாடு நடந்து போச்சு, இல்லேங்கல. தின்னுச்சுன்னு யாரு பாத்தா? ரெண்டாம் பாத்தியில இருக்கிறது பெங்கிரின்னு போர்டு சொல்லுது. பெங்கிரிய எந்த ஊரு மாடு திங்கும்? போர்டு பொய்யின்னா அத எழுதுன கிளாக்கரய்யாவக் கேளுங்க."

எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. நான் போர்டு மெய்தான் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வேன்?

புல்லையா துள்ளி எழுந்தார். மாடு தின்கிறதா இல்லையா என்பதும் ஒரு தாவரத்தின் குணம்தான், அதையும் எழுதிவைக்க வேண்டும், நாளை எல்லார் முன்னிலையிலும் மூன்று பாத்திப் புல்லையும் வைத்து மாட்டை விடுவோம் என்றார். துரைக்குக் கிரிக்கெட் இல்லாத வாரம். சரி என்றுவிட்டார்.

அன்று சாயங்காலம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ராக்கம்மா என்னை மறித்தாள்.

"கிளாக்கரய்யா, செத்த நில்லுங்க. ரெண்டாம் பாத்தியில பாதிக்குப் பாதி மானா. களை எடுத்த மொத நாளே எங்க கையில வாசம் மாறி மாறி அடிச்சுச்சு. எங்களுக்கெல்லாம் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் யாருமே சொல்லல?"

"யாரு கேட்டா? படிச்சவங்க கலந்து நட்டிருக்காங்க, ஏதோ பரீட்சைன்னு நெனச்சோம். இப்ப என் மாடு வெளிய போனா நான் வாயத் தொறப்பேன்."

"தொறந்தா ஒம் மாடு தின்னதும் வெளிய வருமே?"

"அதனாலதான் சொல்றேன். நம்ம ரெண்டு பேரும் வாயப் பொத்திக்கிட்டு, மாட்டு வாய நெறைப்போம்."

சிரித்துக்கொண்டே சொன்னவள் சட்டென்று கண்ணைத் துடைத்தாள். அவளுடைய தம்பி இந்தியாவுக்குக் கப்பலேறியபோது விட்டுப்போன கன்றுக்குட்டிதான் பவுனு. "காயிதம் போடுறப்பல்லாம் என்னைய அப்புறம்தான் கேப்பான். பவுனு எப்படி இருக்கான்னுதான் மொதல்ல கேப்பான். வெரட்டிட்டாங்கடான்னு நான் எப்படிங்க எழுதச் சொல்லுவேன்?"

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. பயமும் சேர்ந்திருந்தது என்பதை மறைக்கவில்லை.

விருந்தும் தீர்ப்பும்

புதன்கிழமை விடிந்ததிலிருந்து பவுனுக்கு விருந்து. வாழைத்தண்டு ஒரு கூடை. புண்ணாக்கு. மரக்கறிப் பாத்தியிலிருந்து கோவா இலை. கஞ்சித் தண்ணீர் இரண்டு வாளி. எதை வைத்தாலும் மறுப்பே இல்லை. கடைசியில் என் காலைச் சாப்பாட்டு ரொட்டி நாலையும் கொடுத்தேன். சம்பலை மட்டும் ஒதுக்கிவிட்டாள்.

ஆபீஸ் முற்றத்தில் ஊரே கூடியது. மூன்று கட்டுப் புல் வரிசையாக வைக்கப்பட்டது. பவுனு வயிறு இரண்டு பக்கமும் தள்ள, மெதுவாக வந்தாள். முதல் கட்டை முகர்ந்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். மூன்றாவதைத் தாண்டிப் போய், துரையின் முன்னால் ஒரு பெரிய ஏப்பம் விட்டு, படுத்துக்கொண்டாள்.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் போயிற்று.

"மாடு சாப்பிடலே. மாடு இருக்கட்டும்."

கூட்டம் ஆரவாரம் செய்தது. ராக்கம்மா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஐயா மட்டும் ஒரு கணம் நெற்றியைச் சுருக்கி, "முதலாம் பாத்தி மானாவையும் தின்னேல்லையே..." என்றார். ஆனால் சந்தோஷம் அதை மூடிவிட்டது. தன் புது இனம் மாட்டுக்கு ஆகாதது என்று நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டார்.

வட்டகொடை ஸ்டேஷன்

மத்தியானம் அவரை ரயிலேற்ற நான்தான் போனேன். புல்லை அழுத்திக் காயவைக்கும் இரண்டு பலகைச் சட்டத்தை நான் தோளில் சுமந்தேன். உள்ளே பொன்னுசாமியீ இருந்தது. ஐயா வழியெல்லாம் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சீமைப் பத்திரிகைக்கு அனுப்புவாராம். படம் போட்டு வெளியிடுவார்களாம். எனக்கு ஒரு பிரதி வருமாம்.

நான் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். சீமையில் யாராவது ஒருவர் இந்த விதையை வாங்கி நடுவார். மானா முளைக்கும். அவர்கள் சிரிக்கப்போவது பொன்னுசாமியைப் பார்த்தா? இருபத்திரண்டு வருடம் காத்திருந்த இந்த மனிதரைப் பார்த்துத்தான். சரி, இப்போதே உண்மையைச் சொல்லலாம் என்றால், இரண்டாம் பாத்தியில் நின்றது மானா என்று ஆகிவிடும். தின்றது பவுனு என்றும் ஆகிவிடும். ராக்கம்மா கடிதத்தில் என்ன எழுதச் சொல்வாள்?

கைகாட்டி இறங்கியது. ரயில் தூரத்தில் கூவியது. நான் வாயைத் திறந்தேன். கடிதம், கங்காணி, பலகை, வாழைத்தண்டு, ரொட்டி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

ஐயா பலகைச் சட்டத்தை என் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"ரொட்டி எத்தனை?"

"நாலுங்க."

பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். ரயில் வந்தது, நின்றது, போனது. அவர் ஏறவில்லை.

"என்ரை கண் மானா எண்டுதான் சொன்னது, தம்பி. நான் என்ரை கண்ணை நம்பேல்லை. உம்முடைய பலகையை நம்பினன். அவ்வளவு வடிவான எழுத்து."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஸ்டேஷன் மாஸ்டர் பார்க்கிறார் என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

"மாட்டுக்கு இனி என்ன நடக்கும்?" என்றார்.

"வெளியேத்திருவாங்க, ஐயா. அதான் சொல்ல யோசிச்சேன்."

அவர் எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டார். "வாரும். துரையைப் பாக்க வேணும்."

கடித்தால், நக்கினால், தும்மினால்

துரையின் பங்களா வாசலில் நின்று நான் கேட்டது இவ்வளவுதான். ஐயா ஆங்கிலத்தில் பேசினார். பாத்திகள் கலந்துபோய்விட்டன, அதைக் கண்டுபிடிக்காதது தன் பிழை என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. மாடு புகுந்தது உண்மை, தின்றது உண்மை, ஆனால் மூன்று பாத்தியிலும் மானாவை மட்டும் பார்த்துப் பார்த்துத் தின்றிருக்கிறது என்றார். பூக்காத தூர்களும் பூ விடும்வரை காத்திருந்து தான் பிரிப்பதானால் இன்னொரு வருடம் ஆகும். அந்த மாட்டை விட்டால் சனிக்கிழமைக்குள் முடிந்துவிடும்.

துரை முதலில் முறைத்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார்.

"சனிக்கிழமை பாப்போம். மாடு வேலை செஞ்சா மாடு இருக்கட்டும். வேலை இல்லே, மாடு வெளியே. கிளாக்கர், நீ கயிறு பிடி!"

ஐயா பெயர் சொல்லாவிட்டாலும் துரைக்குக் கணக்குத் தெரிந்திருந்தது.

இப்போது பவுனு தின்றே ஆகவேண்டும். அவளோ எங்கள் விருந்தில் வயிறு உப்பிக் கிடந்தாள். வியாழக்கிழமை பாத்திக்கு இழுத்துப் போனேன். எல்லாவற்றையும் ஒரே வெறுப்போடு பார்த்தாள். வெள்ளிக்கிழமை ராக்கம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். நான் மாட்டின் முன்னால் குந்தியிருந்து கெஞ்சினேன்.

"திங்காத திங்காதன்னு ஊட்டுனீங்க. இப்ப தின்னு தின்னுன்னு கெஞ்சுறீங்க. அது வாயில்லாத ஜீவனுங்க, என்னதான் செய்யும்?" என்றாள் ராக்கம்மா. குரல் கேலியாக இருந்தது. கை மட்டும் கயிற்றை விடவேயில்லை.

சனிக்கிழமை காலையிலும் பவுனு முதல் பாத்தி ஓரத்தில் சும்மா நின்றாள். துரை குதிரையில் வந்து பாதையில் நிறுத்தினார். ராக்கம்மா பேச்சை நிறுத்தியிருந்தாள். அவள் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

அப்போது பவுனு கழுத்தை நீட்டி, ஒரு தூரை வளைத்து, கரக்கென்று கடித்தாள்.

ஐயா பாய்ந்து வந்து அந்தத் தூரடியில் ஒரு குச்சியைக் குத்தினார். நான் அடுத்த கடிக்கு முன் கயிற்றை இழுத்தேன். அடுத்த தூரை முகர்ந்தாள், நக்கினாள், விட்டுவிட்டாள். ஐயா குனிந்து பார்த்து "எலுமிச்சை!" என்று கத்தினார். அதற்கடுத்ததில் மூக்கை வைத்ததும் என் சட்டை நனையத் தும்மினாள். பெங்கிரி. கடித்தால் மானா, நக்கினால் எலுமிச்சைப் புல், தும்மினால் பெங்கிரி. முன்னால் மாடு, நடுவில் நான், பின்னால் கழுத்துப்பட்டியோடு அரசாங்க நிபுணர், அவருக்குக் குச்சி எடுத்துக் கொடுக்கச் சின்னமுத்துக் கங்காணி. மூன்று பாத்தியையும் அப்படித்தான் நடந்து முடித்தோம். ஐயா ஒவ்வொரு தூரையும் பூதக்கண்ணாடியால் சரிபார்த்தார். ஓரிடத்தில் மட்டும் அவரும் பவுனும் முரண்பட்டார்கள். மறுபடி குப்புறப் படுத்துப் பார்த்துவிட்டு, "மாடு சொன்னதுதான் சரி" என்றார்.

துரை தொப்பியைக் கழற்றி மாட்டுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார். ராக்கம்மா அங்கேயே புல்லில் உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாக மூக்கைச் சிந்தினாள்.

ஐயா பலகைச் சட்டத்தை அவிழ்த்தார். பொன்னுசாமியீ என்று பென்சிலால் எழுதியிருந்த தாளை எடுத்து, அந்தப் பெயரை ஒரே கோட்டில் அடித்தார். மேலே மானாவின் பெயரை எழுதினார். எனக்குத் துக்கமாக இருந்தது. என் பெயருக்காக அல்ல. இருபத்திரண்டு வருடத்தை அவர் ஒரே கோட்டில் அடித்தார்.

அப்படிப்பட்ட தாள்களில் அடியில் ஓர் இடம் விட்டிருக்கும். இது இன்ன இனம் என்று அடையாளம் கண்டவர் யாரோ, அவர் பெயரை அங்கே எழுத வேண்டும். காலத்துக்கும் அழியாமல் இருக்கும் பெயர் அது. ஐயா பேனாவைத் திறந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு ராக்கம்மா பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உன்ரை மாட்டுக்கு என்ன பேர்?"

"பவுனுங்க."

எழுதினார். அடியில் வட்டகொடை என்றும் எழுதி, மை காய ஊதி, தாளை அவளிடம் நீட்டினார். ராக்கம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, இப்படியும் அப்படியுமாகத் திருப்பிப் பார்த்தாள். நான் வாசித்துக் காட்டலாம் என்று கையை நீட்டினேன்.

அவள் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாங்க கிளாக்கரய்யா. நீங்க எழுதலேல்ல? அப்ப சரியாத்தான் இருக்கும்."